பிலோமினா பார்த்த கடல்

போன வாரம் பிரேம் போடும் கடையில் ஒரு வேடிக்கை. பரணில் கிடந்த என் பழைய படம் ஒன்றையும் புதிதாக வரைந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். பழையதைத் தூக்கிப் பார்த்த கடைக்காரர், "இது யாரு வரைஞ்சது மேடம்?" என்றார். நான்தான் என்றதும் நம்பாமல் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை. அதில் பனையோலையின் ஒவ்வொரு கீற்றையும் எண்ணி எண்ணி வரைந்திருப்பேன்; புதியதிலோ வெறும் நிறம்தான் ஓடிக் கிடக்கும்.

ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவள் நான். ஓவிய ஆசிரியை வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தபோது, கடலை வரைய என்ன பெரிதாக வேண்டும், நீல ட்யூப் இரண்டு கூடுதலாக வாங்கினால் போதாதா என்று நினைத்தேன். வாங்கவும் செய்தேன். இங்கே ஈரக்காற்றில் தாள் காயவே காயாது. நனைந்த தாளும் அடுத்த வீட்டுக் கருவாடும் கலந்த வாசனைதான் என் முதல் வாடகை வீடு. அந்த அடுத்த வீடு பிலோமினாவுடையது. அவள் கணவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

"எங்க வீட்டுக்காரரு போற கடல ஒண்ணு வரைஞ்சு தாங்க டீச்சர்" என்று கேட்டாள். பத்தே நாளில் கொடுத்தேன். பளீர் நீலம், ஆரஞ்சுச் சூரியன், மூன்று பாய்மரம். கொஞ்சம் பெருமையோடுதான்.

வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க கடல் இல்லியே."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியலில் அவளே வந்து கரைக்குக் கூட்டிப்போனாள். கடல் கலங்கலாக, சாம்பலும் பாசியுமாகக் கிடந்தது.

"அந்தா கருப்பா ஒரு கோடு தெரியுதுல்லா? அங்கனதான் நீவாடு, கடலுக்குள்ள ஓடுற தண்ணி, மாறுது. வள்ளத்த இழுத்துரும். அவரு அதத் தாண்டி இங்கிட்டு வந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்."

சொல்லும்போது அவள் கண் அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை. நானோ காலண்டரைப் பார்த்துக் கடல் வரைந்திருக்கிறேன்.

பிறகு ஆறேழு மாதம் அவளோடு போய் நின்றேன். மெல்லிய தூரிகை தானாகக் கையைவிட்டுப் போனது. நிறம் ஈரத்தில் ஓடினால் ஓடட்டும் என்று விட்டேன். எத்தனையோ தாளைக் கிழித்தபின் ஒன்று அமைந்தது: சாம்பல், பாசி, நடுவே ஒரு கருங்கோடு. வள்ளம்கூட இல்லை. பிலோமினா அதன்மேல் விரலை வைத்து, "இங்கனதான்" என்றாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

நான் அந்த வீட்டைவிட்டு வந்து பல வருடமாகிறது. நாங்கள் நின்ற கரையும் இப்போது இல்லை. கல் கொட்டி மதில் எழுப்பிவிட்டார்கள். படமும் சுவரின் ஈரமேறி, பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டதாம். நேற்றுப் போனில் பிலோமினா சொன்னாள். கவலைப்படாதே, எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, இன்னொன்று வரைந்து தருகிறேன் என்றேன்.

"ஞாபகத்துல வரையாதீங்க டீச்சர். கல்லு போட்ட பெறவு நீவாடே மாறிட்டு. அந்தக் கோடு இப்ப அங்கன இல்ல. இப்ப கடலுக்குப் போறது எம் மவன். அவன் போற கடல் வேற. வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.