சாக்கில் வந்த பெயர்

என் மாமனார் 'கம்பெனி' என்று சொன்னால் அது ஒரே ஒரு ரேடியோக் கம்பெனியைத்தான் குறிக்கும். அந்தக் கம்பெனிப் பெட்டி அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. கடல் தாண்டிச் சிற்றலையில் வரும் தமிழ்ச் செய்தியைத் தினமும் சாயங்காலம் அதில் கேட்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மிக்சி போடக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், அதே கம்பெனியின் ரேடியோவை நான் அவருடைய மாட்டுக் கொட்டகையிலேயே செய்துகொண்டிருந்தேன். அவர் அதை நம்பவில்லை. எனக்கு அதில் பொல்லாத கோபம்.

கம்பெனியின் ஜாதகத்தை எனக்கு ஆர்டர் கொடுத்த ஏஜென்ட் சொன்னார். அந்தப் பெயர் பிறந்தது சீமையில். பிறகு நம் நாட்டிலேயே தொழிற்சாலை கட்டிப் பல வருஷம் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு டிவி வந்து உட்கார்ந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. தொழிற்சாலையை மூடிப் பெயரை விற்றார்கள். வாங்கியவர் அதை இன்னொருவர் தலையில் கட்டினார். கடைசியில் வடக்கே ஒரு வியாபாரியிடம் பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தது. அவர் சர்க்யூட் போர்டைக் கப்பலில் வரவழைத்தார். பிளாஸ்டிக் பெட்டியைக் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் வார்க்கச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பாட வைக்க ஆள் தேடினார். கோயமுத்தூரில் ஜாப் ஆர்டருக்கு ஆளா பஞ்சம்?

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சரவணம்பட்டியில் எங்கள் தோட்டத்து வீட்டை ஒட்டி, மாடுகளை விற்ற பிறகு கொட்டகை காலியாகக் கிடந்தது. பக்கத்துக் காடுகளில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களுக்குச் சோல்டரிங் பழக்கினேன். சிற்றலை சுத்தமாக விழ வேண்டுமென்றால் காயில் என்ற கம்பிச் சுருளுக்குள் இருக்கும் சின்னத் திருகை மயிரிழை அளவு திருப்பி, மெழுகு வைத்து அடைக்க வேண்டும். அந்த வேலையில் நான் எவருக்கும் சளைத்தவள் இல்லை. எந்தத் தேசத்துத் தொழிற்சாலை என்றாலும் கடைசியில் ஒரு கைதானே அதைத் திருப்புகிறது?

மாமனார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த அன்று பெட்டிகள் பெயரில்லாமல் மொட்டையாக அடுக்கியிருந்தன. பெயர்த் தகடுகள் இன்னும் வரவில்லை.

"இது டூப்ளிகேட் சாமான் அம்மணி. தை பொறந்தா கொட்டகைய கோழிக்காரருக்கு வாடகைக்கு உட்டுப்போடலாம்னு இருக்கறேன்" என்றார்.

அடுத்த வாரம் லாரி பார்சலில், வரமிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு சாக்கு வந்தது. உள்ளே அந்தப் பெரிய பெயர், கைப்பிடி கைப்பிடியாக. ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் காட்டினேன்.

"தகடு ஆரு வேணும்னாலும் அடிக்கலாம் கண்ணு. அது கம்பெனி ஆயிருமா?" என்றார்.

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கொட்டகை போனால் ஆர்டர் போகும். ஆறு பேரும் மறுபடி வெயிலில் குனிய வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய பழைய பெட்டி மூச்சை நிறுத்தியது. நம்முடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். காதிலேயே வாங்காமல் டவுனுக்கு பஸ் ஏறி, கம்பெனி ரேடியோ என்று கேட்டு, பேட்டரி போட்டுப் பாட வைத்துப் பார்த்து வாங்கி வந்தார். அன்று சாயங்காலம் செய்தி கணீரென்று கேட்டது.

"பாத்தியா அம்மணி? கம்பெனி சாமான்னா இதுதான்!"

மறுநாள் அவர் தோட்டத்துக்குப் போனதும் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்டரிக்கு அடியில் அரக்கு நிறத்தில் ஒரு துணிப்பட்டை. பேட்டரியை இழுத்து எடுக்க வசதியாக அங்கே ரிப்பன் வைப்பது வழக்கம். ஒருமுறை சரக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் ரிப்பன் தீர்ந்துவிட்டது. என் மாமியார், அத்தைதான், தன் பழைய நெகமம் கைத்தறிச் சேலையைக் கொண்டுவந்து, கரையைக் கிழித்துக் கொடுத்தார். நூல் பிரியாமலிருக்க ஓரத்தை மெழுகில் தோய்த்து வைத்தோம். அந்தச் சரக்கில் ஒன்றுதான் டவுனைச் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருந்தது!

உடனே காட்டலாம் என்றுதான் கை பரபரத்தது. அத்தை தடுத்தார். "நீ காட்டுனா நீயே வெச்சதுன்னு சொல்லுவாரு. அவரே பாக்கட்டும்."

பேட்டரி தீர்ந்தால்தானே பார்ப்பார்? அவரோ கருமி, செய்தி முடிந்த கையோடு அணைத்துவிடுவார். தை வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவரு அக்கட்டால போனதும் பாட்டு வெச்சு உடு கண்ணு. தீராம எங்க போயிரும்?" என்றார் அத்தை. மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் பகலெல்லாம் கச்சேரி. மாவாட்டும்போது பாட்டு, துணி காயப்போடும்போது பாட்டு. மாமியாரும் மருமகளும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது.

கோழிக்காரர் முடிவு கேட்க வந்த சாயங்காலம் ரேடியோ முனக ஆரம்பித்தது. "அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று முணுமுணுத்தபடி மாமனார் புது பேட்டரி கேட்டார். நான் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து பட்டையை இழுத்தார். பேட்டரிகள் மடியில் விழுந்தன. பட்டை அவர் கையோடு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, நெகமத்துல நான் உனக்கு எடுத்துக் குடுத்த சேலையாட்ட இருக்குது?"

"ஆட்ட என்னங்க, அதேதானுங்க. கிழிஞ்சு போச்சுன்னு அம்மணி வேலைக்கு வெட்டிக் குடுத்தேன்" என்றார் அத்தை.

மாமனார் என்னைப் பார்த்தார். அவர் பட்டையை நீவி அடியில் விரித்து, அதன்மேல் புது பேட்டரிகளை ஒவ்வொன்றாக வைத்து மூடினார். செய்தி வந்தது. ஆதி முதல் அந்தம்வரை கேட்டார். கோழிக்காரரும் கை கட்டிக் கேட்டார்.

"அப்ப கொட்டகைங்க?" என்றார் கோழிக்காரர், ரேடியோவை அணைத்ததும்.

"கோவிச்சுக்காதீங்க. கொட்டகை ஒழியாதுங்க" என்றார் மாமனார். "அங்க கம்பெனி ஓடுதுங்க."