செல்வியின் கூடைக் கயிறு

நான் கல்லூரியில் உடல் இயக்கவியல் படிக்கிறேன். மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படிச் சுமக்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். போன விடுமுறையில் பசறைப் பக்கம் எங்கள் ஊரான தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, கொழுந்து பறிக்கும் செல்வியைக் கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். முதுகுக் கூடையின் பாரம் முழுவதும் கயிறு வழியாக அவள் தலையில்தான் இருந்தது.

“கழுத்தெலும்பு தேஞ்சிரும்டி. தோள்ல மாட்டு,” என்று சொல்லி, நானே கூடையில் இரண்டு தோள்பட்டி தைத்து மாட்டிவிட்டேன்.

“டொக்டரம்மா சொன்னா சரிதான்,” என்று சிரித்தாள்.

மறுநாள் மழை விட்ட கையோடு, சரிவில் அவள் கால் வழுக்கியது. பட்டியைக் கழற்ற முடியாமல் கூடையோடு உருண்டு கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது.

“கயிறு தலையில இருந்திருந்தா?” என்று கேட்டேன்.

“தலைய வெடுக்குனு ஒரு வெட்டு வெட்டுனா கயிறு நழுவி கூடை தனியா போயிரும். நான் நின்னுருப்பேன்.”

“ஏன்டி இத மொதல்லயே சொல்லல?”

“நீ எங்கடி கேட்ட? படிச்சவ, ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன்.”

“அப்போ கழுத்து வலிக்காதா?”

“வலிக்காம? தெனமுந்தான் வலிக்குது.”

என் குறிப்பேட்டில் அவள் கழுத்தின் கோணம் இருந்தது, கூடையின் எடை இருந்தது. அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. அன்றே பட்டியை அவிழ்த்துவிட்டேன். வலிக்கு வழி இன்னும் கிடைக்கவில்லை. இப்போது செல்வியும் சேர்ந்து தேடுகிறாள். நான் சொல்லும் யோசனைகளில் பாதியை அவளே தள்ளிவிடுகிறாள்.