கொடியில் ஈரச் சட்டை

கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தர் புதுக் கார் வாங்கினால், இருங்காட்டுக்கோட்டையில் நான் அரிசி ஊறப்போட வேண்டும். உலகப் பொருளாதாரத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு என்னைத் தெரியாது. அவர் மனசு மாறிவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் எனக்குத் தினமும் உண்டு.

நாங்கள் மெஸ் நடத்துகிறோம். சமைப்பது, அளப்பது, முடிவெடுப்பது எல்லாம் என் மனைவி. இலை போடுவதும் வாயாடுவதும் என் இலாகா. பெரிய கிரைண்டர் வாங்கலாம் என்று சொன்னதும் அவள்தான். வந்து இறங்கியதும் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். என் பங்களிப்பு அத்தோடு முடிந்தது.

சாப்பிட வருகிறவர்கள் எதிர்வாடை மாடி ரூம்களில் இருக்கும் தெற்கத்திப் பையன்கள். கப்பலேறுகிற காருக்கும் அதன் பாகங்களுக்கும் லைனில் நின்று வேலை செய்கிறவர்கள். என்னை அண்ணாச்சி என்பார்கள், அவளை மதினி என்பார்கள். மதினிக்கு இருக்கும் மரியாதை அண்ணாச்சிக்குக் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சிக்கல். நாளைக் காலை இட்லிக்கு இன்று மத்தியானமே அரிசி ஊற வேண்டும். அதாவது நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். நல்ல காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு படி போடுவோம். அப்புறம் வெளிநாட்டில் வாங்குவது நின்றுபோனது. மூன்று ஷிப்ட் ஒன்றானது, வாரத்தில் ஆறு நாள் மூன்று நாளானது. கடைசியில் "கூப்பிடறோம், போயிட்டு வாங்க" என்று பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். பையன்கள் பையும் கையுமாக வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் தன் எவர்சில்வர் தட்டை மட்டும் எங்களிடமே விட்டுப் போனான், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அதில் யாரும் சாப்பிடவில்லை. ஆனாலும் என் மனைவி மற்ற தட்டுகளோடு சேர்த்து அதையும் தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஆறு படி ஒன்றரைப் படியானது.

நான் சும்மா இருக்கவில்லை. டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டு, டாலர், வட்டி, இறக்குமதி என்று வருகிற கொஞ்சப் பேருக்கும் பாடம் நடத்தினேன். அவர்கள் சட்னி கேட்டால்கூட ஐரோப்பாவைத் தாண்டித்தான் சட்னிக்கு வருவேன். ஒருநாள் ஒரு கோட்டுக்காரர், மோசமான காலம் முடிந்துவிட்டது, மீட்சி தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆறு படியையும் ஊறப்போட்டேன்.

மறுநாள் வந்தது ஏழு பேர்.

மிச்ச மாவு பொங்கி, வழிந்து, புளித்தது. தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை. என்னை நாலு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன், பதிலெல்லாம்கூடத் தயார். கேட்கவில்லை. வாய் ஓயாத மனுஷி மூன்று நாள் அந்தப் புளித்த தோசையையே பேசாமல் சாப்பிட்டாள். திட்டியிருந்தால் ஜீரணமாகியிருக்கும்.

நாலாம் நாள் நானே கேட்டேன், நீ எதை வைத்து அளக்கிறாய் என்று. ஜன்னல் வழியாக எதிர் மாடியைக் காட்டினாள். கொடியில் நாலு லுங்கி தொங்கியது.

"லுங்கி காஞ்சா லீவு, சட்டை காஞ்சா ஷிப்ட். இதுக்கு இன்னாத்துக்குய்யா டி.வி.?"

இத்தனை வருஷமாக அவள் மிளகாய் காயவைக்கத்தான் மாடிக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் போயின. கொடியில் லுங்கிதான். மறைமலை நகரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். அடுத்த ஒன்றாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மெஸ்ஸை மூடிவிடலாம், கிரைண்டரைக் கொடுத்துவிடலாம் என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு கிரைண்டர் கல்லைக் கழற்றி, தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் வைத்தாள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அவ்வளவு நேரம் தேய்த்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. வல்லக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன். முருகன் முன்னால் நின்று, ஜெர்மனிக்காரனுக்குக் கார் வாங்குகிற புத்தியைக் கொடுப்பா என்று கேட்டேன். பக்கத்தில் குழந்தை வரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

கிரைண்டர் வாங்குகிறவர் ஒரு டிபன் கடைக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு குட்டியானை வண்டியோடு வந்தார். அவரை உள்ளே கூட்டிப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே உளுந்து நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்டா நிறைய ஊறிய அரிசி. என் கண்ணுக்கு மூன்று படிக்குக் குறையாது. நான் போடவில்லை, சத்தியமாக.

அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம்தான் பேசினாள்.

"மாவு ஆடிக்கினு கீதுண்ணா. பாதியில நிறுத்தக் கூடாது. ஒக்காருங்க, வடை போடறேன்."

அவர் உட்கார்ந்தார். வடை வந்தது. இன்னும் நாலு வந்தது. உளுந்தை வழித்துவிட்டு அவள் அரிசியை அள்ளிப் போட்டபோதுதான் அவருக்கு சந்தேகம் தட்டியது. விக்கிற வீட்டில் இத்தனை அரிசி எதுக்கும்மா என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான், கேட்கத் தைரியமில்லாமல் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சொன்னாள். காலையில் பத்து மணிக்கு மாடிக்குப் போனாளாம். எதிர்க் கொடியில் ஆறு யூனிபார்ம் சட்டை, தண்ணீர் சொட்டச் சொட்ட. பகல் ஷிப்ட் பையன்கள் சாயங்காலம் வந்துதான் துவைப்பார்கள். காலையில் சொட்டுகிறது என்றால் ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து துவைத்துப் போட்டுத் தூங்குகிறார்கள் என்று அர்த்தம்.

"கப்பல் காத்துக்கினு இல்லன்னா எந்தக் கம்பெனிக்காரன்ணா ராத்திரில லைட்ட போட்டு லைன ஓட்டுவான்?"

டிபன் கடைக்காரர் எதிர் மாடியை ஒருமுறை பார்த்தார். சட்டைகள் இப்போது காய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அவரும் மாவு அளக்கிற ஜாதிதானே, சண்டைக்கு நிற்கவில்லை. அப்போ நானும் கடைக்குப் போய் ஒரு படி கூடப் போடணும் என்று சொல்லி, வீட்டுக்கு நாலு வடை கட்டிக்கொண்டு வெறும் வண்டியில் ஏறினார்.

அரிசி அரைபடுகிற சத்தத்தில் ரெண்டு பேரும் கிரைண்டர் பக்கத்தில் நின்றோம். பதற்றம் வந்தால் அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவாள். அன்று சுற்றிச் சுற்றி முடிச்சே விழுந்திருந்தது. ஆறு சட்டையை நம்பி மூன்று படி என்பது, கோட்டுக்காரரை நம்பி நான் போட்ட ஆறு படியைவிடப் பெரிய சூதாட்டம் இல்லையா? அதை நான் சொல்லவில்லை. அவள் மூன்று நாள் பேசாமல் தோசை தின்றது எனக்கு ஞாபகம் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் ஒரு தூக்கம் கலையாத முகம்.

"மதினி, என் தட்டு கெடக்கா?"

அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து, கழுவியிருந்ததை மறுபடி கழுவி, நாலு வடை வைத்து நீட்டினாள். அவன் தின்றுகொண்டே சொன்னான். வந்து ரெண்டு நாள்தான் ஆகிறதாம். நிலைக்குமா என்று தெரியாமல் சொல்லிக்கொள்ளக் கூச்சமாம். ரூமிலேயே கஞ்சி வைத்துக் குடித்தார்களாம். இப்போதைக்கு ஆறு பேர், அதுவும் பத்து நாளைக்குத்தான், பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார்களாம். பத்து நாள் என்றதும் நான் அவளைப் பார்த்தேன். அவள் அவனுக்கு இன்னொரு வடை வைத்தாள். ஹாஸ்டலுக்கு வரவில்லை என்று மறுநாளே சொல்லிவிட்டாள்.

மீட்சி என்பது எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரிதான் வந்தது. முதலில் வெறும் காற்று, அப்புறம் கலங்கல், நடுவில் ஒருநாள் நின்றேபோனது. மூன்று படி ரெண்டாகி, ரெண்டு நாலானது. ஆறு இன்னும் ஆகவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்க்கிற வேலையை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறாள், அவளுக்கு மூட்டு வலி. காலை பத்து மணிக்கு ஒரு மனுஷன் எதிர்வீட்டுக் கொடியையே வெறித்துப் பார்த்தால் தெருவில் என்ன பேசுவார்களோ, அதைப் பேசுகிறார்கள். முதல் நாள் இறங்கி வந்து, பதினொன்று என்று பெருமையாகச் சொன்னேன். நம்பாமல் மூட்டைப் பிடித்துக்கொண்டு அவளே படியேறிப் போய்ப் பார்த்தாள்.

"அதுல மூணு நேத்தே காஞ்சது, எடுக்காம வுட்டிருக்கானுங்க. சொட்டறத மட்டும் எண்ணுய்யா."

எட்டு. போய் அரிசியை எடுத்தேன். அளக்கும்போது படியின் தலையில் ஒரு பிடி கூடவே வைத்தேன். அவள் பார்த்துவிட்டு அண்டாவை என் பக்கம் நகர்த்தினாள்.