திரையில் இல்லாத பொத்தான்

எண்ணூர் கண்டெய்னர் யார்டின் நெட்வொர்க்கை அன்று முடக்கியது நான்தான். அருள்ராஜ் அல்ல. ஆறு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நெட்வொர்க்கிங் சான்றிதழுக்கு நான் படித்ததெல்லாம் கல்மண்டபத்தில், எங்கள் வீட்டு லேப்டாப்பில், எமுலேட்டரில்தான். நிஜ ரவுட்டரும் சுவிட்ச்சும் செய்வதைத் திரையிலேயே செய்துகாட்டும் மென்பொருள் அது. தவறினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். தேர்வும் திரையில்தான் நடந்தது. நல்ல மதிப்பெண்ணில் தேறினேன்.

அதில் குற்றமில்லை... குற்றம் வேலைக்கான நேர்காணலில் தொடங்கியது.

"நிஜ டிவைஸ்ல வேலை பாத்திருக்கீங்களா?" என்றார் மேலாளர்.

"தெரிஞ்சவங்க ஆபீஸ்ல ரெண்டு வருஷம் பாத்தேன் சார்."

அதுவரை நான் ஒரு சுவிட்ச்சைத் தொட்டதுகூடக் கிடையாது.

சேர்ந்த மூன்றாவது வாரம். சர்வர் அறையில் அருள்ராஜ் காலையிலிருந்து கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், யார்டின் கணினிகளையெல்லாம் இணைக்கும் பிரதான சுவிட்ச்சின் முதல் துளையில் ஒரு கேபிளைச் செருகினேன். அதன் முனையில் தடித்த ரப்பர் உறை. துளைக்கு மேலே சின்னதாக ஒரு பொத்தான் இருந்ததையும், உறை அதை அழுத்திக்கொண்டு நின்றதையும் நான் கவனிக்கவில்லை. சில நொடிகள் அழுத்தினாலே சுவிட்ச் தன் அமைப்புகள் அத்தனையையும் அழித்துவிடும் என்பதும் தெரியாது. எமுலேட்டரில் அந்தப் பொத்தானே இல்லை!

வாயிலில் இருந்த கணினிகள் வேலை செய்யாமல் நின்றன. லாரிகள் சாலைவரை வரிசை கட்டின. மேலாளர் ஓடிவந்தார். அதற்குள் உறை எதை அழுத்துகிறது என்று பார்த்துவிட்டேன்... கேபிளை உருவிவிட்டேன். யோசித்தா செய்தேன்? என் கை செய்துவிட்டது.

"யாரு கை வச்சது?"

"காலையிலேர்ந்து அருள்தான் சார் இங்க வேலை பாத்தாரு."

பாருங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்று மதியமே அவரை வெளியே அனுப்பினார்கள். ஒப்பந்தக்காரரும் பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாளாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பார்களே... ஒரு பொய்யைத் திறந்தால் மற்றதும் திறந்துகொள்ளும். இன்று அந்த அறைக்கே நான் பொறுப்பாளர்.

சென்ற மாதம் திருவொற்றியூரில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் அருள்ராஜ்.

"இன்னா மேடம், நல்லாகீறீங்களா?"

தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போனபின் அவரே பேசினார்.

"அன்னிக்கி நான்தான் எதையோ இட்ச்சிட்டேன் போலகீது மேடம். கேபிள இஸ்துகினு இருந்தேன்ல... எனக்கே தெர்ல. புதுசா வந்த பொண்ணு நீங்க. என்னால உங்களுக்கும் பேஜாரு. மன்ச்சிக்கோங்க."

ஆறு ஆண்டுகளாக அந்த மனிதர் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது ஒரு காரணமா?

"பரவால்ல அருள், விடுங்க" என்றேன்.

ஆம்... நான் அவரை மன்னித்தேன். இறங்கும்போது, "இப்பதான் மன்சு லேசாச்சு மேடம்" என்றார்.

அன்றிலிருந்து பேருந்துக்குத்தான் நிற்கிறேன். ஒவ்வொரு ஆட்டோவும் என் முன்னால் வேகத்தைக் குறைத்து, ஏறுவேனா என்று பார்த்துவிட்டுப் போகிறது. ஓட்டுபவர் யார் என்று நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.