அமாவாசைக்கு வந்த எண்

வின்னிபெக்கில் மாலை ஆறரை என்றால் ஆரணியில் மறுநாள் காலை ஆறு. அம்மா ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர் வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் நேரம். அவளுடைய நாளைய ரத்தம் எனக்கு இன்றைக்கே வந்துவிடும். கிடங்கு வேலை முடிந்து பனியில் பஸ்ஸுக்கு நிற்பேன். கைப்பேசி சிணுங்கும்: அம்மா, 138. அப்பாடா என்றிருக்கும். அந்த மிஷினை வாங்கிக் கொடுத்து, அவள் கைப்பேசியோடு இணைத்து, எண் எனக்கும் வரும்படி செய்துவைத்தது நான்தான். ஐப்பசியில் அம்மா போய்விட்டாள். ஓடிப்போய்க் காரியம் முடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து, அதே பஸ் நிறுத்தத்தில், கைப்பேசி சிணுங்கியது.

அம்மா, 312.

உடன் வேலை செய்யும் டெப்பி என் முகத்தைப் பார்த்துப் பதறி என்ன ஆயிற்று என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்றேன். உடனே கூப்பிட்டுப் பேசு என்றாள். அம்மா இறந்துவிட்டாள் என்றேன். “ஐயோ, இப்போதா?” என்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இல்லை, இரண்டு மாதமாயிற்று என்றதும் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே என் பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது.

தம்பி முருகேசனுக்குப் போன் போட்டேன். வீட்டுத் தறியில் பட்டுச் சேலை நெய்கிறவன். “மிஷினா? அது அம்மா துணியோட பெட்டில கீதுண்ணா. இன்னாத்துக்கு?” என்றான். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு வாரம் எதுவுமில்லை. நானும் ஏதோ கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு மாலை வந்தது: அம்மா, 340. நாட்காட்டியைத் திறந்தேன். ஊரில் அன்று அமாவாசை. முன்னே வந்த நாளைப் பார்த்தேன். அதுவும் அமாவாசை. சிரிக்காதீர்கள், எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. செத்தவர்களுக்குப் படையல் போடும் நாள். உயிரோடு இருந்தவரை சர்க்கரை போட்ட காப்பிக்கு ஏங்கியவள், படையல் பாயசத்தைக் குடித்துவிட்டுப் பார்க்கிறாளா?

அன்று இரவு முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. அமாவாசைக்கு வேறொன்றும் உண்டே! எங்கள் பக்கம் அன்று தறி ஓடாது. சின்ன வயதில் முருகேசனுக்கு விரலில் கீறல் பட்டு, முகூர்த்தச் சேலை ஒன்றில் ஒரு பொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அதிலிருந்து ஊசிமுனை அளவு காயம் என்றாலும் அவன் தறிப்பக்கம் போகமாட்டான்.

மறுபடி கூப்பிட்டேன். “குத்திப் பாத்தது நீதானே? முந்நூத்தி நாப்பதுடா!”

“அம்மா போன்ல சிம் கார்டத்தான் எடுத்துட்டேனே, அது எப்டி உங்கிட்ட வந்துச்சி?” என்றான்.

“சிம் இல்லன்னா இன்னா, வைஃபை கீதே! எப்பத்திலிருந்து?”

“ஒரு மாசத்துக்கு மேலாச்சி. டாக்டரு தெனமும் பாருன்னாரு. தெனமும் குத்திகினா பட்ட எப்டிண்ணா தொடறது? அதான் தறி நிக்கற அன்னிக்கு.”

“அடப்பாவி! மாசத்துக்கு ஒரு தடவையா? அம்மாவ வாரிக் குடுத்தது பத்தாதா?”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவு, இடது சுண்டுவிரலின் ஓரத்தில் குத்து, பஞ்சு வைத்து அழுத்து, ரத்தம் நின்ற பிறகு தறியில் உட்கார், எண்ணை டாக்டரிடம் காட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிண்ணா, சரிண்ணா என்றவன் கடைசியில் கேட்டான்: “நீ பாத்துகினியா? உனக்கும் அதே அம்மாதானே?”

நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மருந்துக்கடையில் மிஷின் வாங்கினேன். அதற்கடுத்த காலை வெறும் வயிற்றில், வீடியோவில் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குத்தினேன். ஐந்து நொடியில் எண் வந்தது. 14.

“பதினாலா!” என்று துள்ளினான் தம்பி. “எனக்கு முந்நூத்தி நாப்பது, உனக்குப் பதினாலு! குடுத்து வச்ச ஆளுண்ணா நீ!”

இந்த நாட்டில் சர்க்கரையை அளக்கும் அளவே வேறு. இங்கே பதினான்கு என்றால் ஊர் அளவில் இருநூற்றைம்பது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா போனதிலிருந்து அவன் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அது. முந்தாநாள் அவனைத் திட்டிய அதே வாய், “ஆமாண்டா, கம்மிதான்” என்றது.

இந்த ஊர்க் கணக்கில் நான் நோயாளி. எங்கள் ஊர்க் கணக்கிலோ, உடம்பில் வெறும் பதினான்கு வைத்துக்கொண்டு எவனும் கண் திறந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. அது தெரியாமல் தம்பி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.