ரக்தாட்சி வருஷத்துப் பாட்டு

இந்த மலையில் யாரையும் "இது என்ன வருஷம்?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் மூன்று பதில் வரும். மூன்றும் சரியாகவே இருக்கும். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் தொங்கும் தாள் இங்கிலீஷ் வருஷத்தைச் சொல்லும். குஞ்ஞப்பன் சேட்டனின் பலசரக்குக் கடையில் கொல்லம் ஆண்டு நடக்கும். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் நம்முடைய பிரபவ, விபவ. நான் மலையேறி வந்த மறுநாள், ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, தேதி தெரியாமல் சேட்டனிடம் போய்க் கேட்டேன். "தனு பதினாலு, ஆயிரத்தித் தொண்ணூற்றெட்டு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியாயிற்றே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது சாயிப்பின்றெ வருஷமாணு. நமக்கு இது மதி" என்று, அது வெள்ளைக்காரன் வருஷம், நமக்கு இது போதும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவர் வெல்லம் நிறுக்கப் போய்விட்டார். போடியிலிருந்து ஒரு மலையை ஏறி இறங்கியதற்கு எண்ணூறு வருஷம் பின்னால் வந்துவிட்டோமோ என்று அன்றைக்கு முழுக்க எனக்குக் கலக்கம். இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் இந்த மூன்றுக்கும் மேல் நாலாவது பஞ்சாங்கம் ஒன்று உண்டு. அது பாட்டு. வருஷத்துக்கு ஒரு தரம் கங்காணி திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ப் புது ஆட்களைக் கூட்டி வருவார். அட்டை கடித்த காலோடு அவர்கள் லயத்து வாசலில் வந்து உட்காருவார்கள். அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும், ஆனால் உடனே கொடுக்க மாட்டோம். "ஊர்ல இப்ப என்ன பாட்டு?" என்று கேட்போம். அந்த வருஷம் நாடகக் கொட்டகையில் எது எடுபட்டதோ, கதிரறுப்பில் எதை எல்லாரும் முணுமுணுத்தார்களோ, அதைப் பாடிய பிறகுதான் காப்பி. மழை பெய்ததா, யார் செத்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். இது கொடுமை என்று வந்த அன்று எனக்குத் தோன்றியது. அடுத்த வருஷம் நானே முதல் ஆளாகப் போய் நின்று கேட்டேன்.

இப்படி வருஷத்துக்கு ஒரு பாட்டாகச் சேர்ந்ததால், எந்த வருஷத்துப் பாட்டு உசத்தி என்ற சண்டையும் கூடவே சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்தால் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாது. என் வருஷம் துந்துபி. பெயரிலேயே முரசு இருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நான் வாதாடுவேன். அந்த வருஷம் எங்கள் ஊரில் அறுப்பு முடிந்த வயலில் கொட்டகை போட்டு ஒரு நாடகக் கம்பெனி ஒரு மாதம் தங்கியது. நானும் என் தங்கை பேச்சியும் ஒரு நாள் விடாமல் போனோம். கதாநாயகி மேடைக்கு வந்து, "வாசலிலே நிலவிருக்க வாராததேன் என் துரையே" என்று எடுப்பாள். அடுத்து, "பூசிவைத்த சந்தனமும் புலர்ந்து போகுதே" என்று இறக்குவாள். அந்த இறக்கத்தில் பேச்சி என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதே வருஷம் மார்கழியில் நான் மலைக்கு வந்தேன். இங்கே இதைப் பாடியபோது எல்லாரும் சிரித்தார்கள். துரை என்றால் இங்கே தோட்டத்து மானேஜர். அவர் வாசலுக்கு வராமல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி அல்லவா!

எனக்கு முன்னால் வந்தவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர் வருஷத்துப் பாட்டு ஒரு கோமாளிப் பாட்டு. "கஞ்சி கொதிக்குது அடுப்பிலே" என்று தொடங்கும். பெண்டாட்டியிடம் அடிவாங்கும் ஒரு புருஷன் பிள்ளையைத் தூங்கவைக்கப் பார்ப்பது. இதையும் ஒரு பாட்டென்று சபையில் வைக்கலாமா என்று நான் கேட்பேன். "வே, சங்கரலிங்கம், உம்ம சந்தனத்தக் கரைச்சுக் குடிச்சா பசி தீருமா?" என்பார் அவர். பல வருஷம் இந்தச் சண்டையைப் போட்ட பிறகுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. யாருக்கு எந்த வருஷம் உசத்தி என்று கேட்டால், அவரவர் மலையேறிய வருஷத்தையே சொல்கிறார்கள். அதற்கு அப்புறம் வந்த பாட்டையெல்லாம் காதால் கேட்டோம், அவ்வளவுதான். இது தெரிந்த பிறகும் துந்துபியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

போன மார்கழியில் சண்டை முற்றிவிட்டது. தலைமைக் கங்காணி வேலாயுதம் பிள்ளை ஒரு கிராமபோன் பெட்டி வாங்கியிருந்தார். மதுரைக்குப் போகிறேன், பொங்கலுக்கு லயத்தாருக்காக ஒரே ஒரு பிளேட் வாங்கி வருகிறேன், எந்த வருஷத்துப் பாட்டு என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். என்னை நடுவராக வைத்தார்கள். பேக்டரி மேல்மாடியில் கொழுந்து வாடவைக்கும் இடத்துக்கு நான் மேஸ்திரி, நாலெழுத்துப் படித்தவன். தன் கட்சிக்குத் தானே நடுவராக உட்காருவது நியாயமா என்று நான் யோசிக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஆளாளுக்கு வருஷத்தைச் சொல்லி முடித்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஞானப்பூ அக்கா வாய்திறந்தாள். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். ஒரு காலத்தில் வேதக்கோயிலில் அவள் குரல் கேட்டுத்தான் மற்றவர்கள் சுருதி பிடிப்பார்கள். மலையில் பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு பரவிய காய்ச்சலில் ஒரே மகள் சலோமியைப் பறிகொடுத்தாள். அதிலிருந்து பாடுவதில்லை. ஜெபத்தில் உதடு அசையும், சத்தம் வராது.

"ரக்தாட்சி வருசத்துப் பாட்டுதான் எல்லாத்துலயும் ஒசத்தி" என்றாள்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரக்தாட்சி வெள்ளம் வந்த வருஷம். குஞ்ஞப்பன் சேட்டனின் கொல்லம் கணக்கில் தொண்ணூற்றொன்பது. மூணாற்றுச் சின்ன ரயிலின் தண்டவாளமே ஆற்றோடு போன வருஷம். மலைப்பாதை இடிந்து, கங்காணி ஊருக்குப் போகவில்லை. ஓர் ஆள் புதிதாக வரவில்லை.

"அந்த வருசம் மலைக்கு யாரு அக்கா வந்தா, பாட்டக் கொண்டாற?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் சிரித்தவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீரு சொல்லும் தம்பி. ஒமக்குத் தெரியும்லா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்ள நடுவர் நாற்காலி விடவில்லை. "வராத பாட்டுக்கு இங்க இடமில்லக்கா. ஒங்க துக்கம் வேற, பாட்டு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றேன். என் வாயால் சொன்னேன். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். துந்துபி ஜெயித்தது என்று தீர்ப்பும் சொன்னேன்.

பொங்கலன்று காலை கங்காணி வீட்டு முற்றத்தில் பெட்டியை வைத்தார்கள். பிள்ளைகள் பெட்டியின் குழாய்க்குள் தலையை விட்டு ஆளைத் தேடினார்கள். கங்காணி சாவி கொடுத்து ஊசியை இறக்கினார். கொஞ்சம் இரைச்சல், பிறகு ஆர்மோனியம், பிறகு அந்தக் குரல். "வாசலிலே நிலவிருக்க வாராததேன் என் துரையே." பேச்சியின் கை என் கையில் இருப்பதுபோல் இருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டு அல்லவா, முற்றம் முழுவதும் கூடவே பாடியது. இரண்டாம் அடி வந்தது. பெட்டி "பூசிவைத்த சந்தனமும்" என்று போனது. நாங்கள் அத்தனை பேரும், நானும்தான், ஒரே குரலாக "கஞ்சி கொதிக்குது அடுப்பிலே, கண்ணுறங்கு பைங்கிளியே" என்று பாடினோம்.

பெட்டி ஒரு பக்கம் போக, லயம் ஒரு பக்கம் போயிற்று. முதலில் சிரித்தோம். சரியாகப் பாடலாம் என்று மறுபடி முதல் அடியிலிருந்து ஊசியை வைத்தார் கங்காணி. மறுபடியும் சந்தனம் வர வேண்டிய இடத்தில் எல்லார் வாயிலும் கஞ்சி வந்தது. சுடலைமுத்து அண்ணாச்சிதான் முதலில் பாட்டை நிறுத்தினார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கும் நினைவு வந்துவிட்டது.

ஆடி மாதம். விடாத மழை. கீழ் லயங்கள் சரிந்து, மேட்டில் இருந்த பேக்டரியின் மேல்மாடியில், என் மாடியில், எல்லாக் குடும்பமும் அடைந்து கிடந்தோம். கொழுந்து பரப்பும் சாக்குத் தட்டுகளில் குழந்தைகளைக் கிடத்தியிருந்தோம். அரிசி தீர்ந்துவிட்டது. பசியில் குழந்தைகள் ஒன்று அழுதால் எல்லாம் அழும். அப்போது ஞானப்பூ அக்காவின் சலோமி, எட்டு வயது இருக்கும், தட்டுத் தட்டாகப் போய்ப் பாடினாள். அவளுக்கு எந்தப் பாட்டும் முழுதாகத் தெரியாது. என் பாட்டில் ஓர் அடி, அண்ணாச்சி பாட்டில் ஓர் அடி, இன்னொரு வருஷத்திலிருந்து அரை அடி என்று கோத்து, இல்லாத கஞ்சியை இருக்கிற அடுப்பில் கொதிக்கவைத்தாள். குழந்தைகள் தூங்கின. இரண்டாம் நாள் பெரியவர்களும் கூடப் பாடினோம். "சந்தனத்த எங்க பிள்ள விட்டே?" என்று நான் கேட்டேன். "அத யாரு மாமா திங்க முடியும்?" என்றாள். இதைச் சொன்னவளை நான் மறந்துவிட்டேன். அவள் பாட்டை மட்டும் என் நாக்கு மறக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஞானப்பூ அக்கா வாசல்படியருகே நின்றுகொண்டிருந்தாள். கங்காணி ஊசியைத் தூக்கிவிட்டார்.

"இது எந்த வருசத்துப் பாட்டு?" என்று கேட்டாள். நடுவர் நான்தானே.

"ரக்தாட்சி, அக்கா" என்றேன்.

"நீங்களாவே சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு வாய மூடிட்டுப் போனேன்" என்றாள். அழவில்லை. நான்தான் எல்லார் முன்னாலும் அழுதேன். என் மன்னிப்புக்காக அவள் காத்து நிற்கவில்லை.

வைகாசியில் பேச்சியின் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். இத்தனை வருஷம் கழித்துப் போகிறவனை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் பார்த்தது. என் பேச்சில் மலையாளம் கலந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்கள். இளவட்டங்கள் பேசும் படத்துப் பாட்டுகளில் எது முந்தி என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். துந்துபி வருஷத்துக் கம்பெனியைச் சொன்னேன்; ஒருவனுக்கும் தெரியவில்லை. பேச்சி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பாட்டப் பாடுண்ணே" என்றாள். பாடினேன். முதல் அடி முடிந்ததும் அவள் கை என் கையைத் தேடி வந்தது. நான் கஞ்சி என்று பாடினேன். கை நின்றுவிட்டது.

"சந்தனம்லா வரணும்? கஞ்சி எங்கருந்து வந்துச்சு?" என்றாள். "மலைக்குப் போயி நம்ம பாட்டையும் மறந்துட்டியே."

மறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சாக்குத் தட்டையும் மழையையும் அந்தப் பிள்ளையையும் கல்யாண வீட்டில் எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது? பேச்சி சரியான அடியைப் பாடிக் காட்டினாள். குரல் அப்படியே இருந்தது. நானும் கூடச் சேர்ந்து சந்தனத்தைப் பாடினேன். சரியாகத்தான் பாடினேன். ஆனால் பாடும்போதே, எட்டு வயதுப் பிள்ளை ஒன்றை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது.

திரும்பி மலையேறி லயத்து வாசலில் உட்கார்ந்தேன். காலில் அட்டை கடித்த இடம் கசிந்துகொண்டிருந்தது. அடுப்பில் காப்பி கொதித்தது. ஊருக்குப் போய் வந்தவனும் எங்கள் வழக்கப்படி புது ஆள்தான். டம்ளரோடு வந்தவள் ஞானப்பூ அக்கா. "ஊர்ல இப்ப என்ன பாட்டு, தம்பி?" என்று கேட்டாள்.

புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை என்றேன். "பழசையாவது பாடும். பாடாம காப்பி கிடையாது" என்றாள். "வாசலிலே நிலவிருக்க வாராததேன் என் துரையே" என்று எடுத்தேன். அதோடு நின்றுவிட்டது. ஒரு பக்கம் பேச்சி உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கம் சலோமி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்றவளுக்குத் துரோகம்.

ஞானப்பூ அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ தெரியாது. டம்ளரை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து வருஷமாகச் சத்தம் வராத தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதி அடியை, மகளின் கஞ்சி அடியை, அவளே பாடினாள்.