வருகை மட்டும்

ஈரோடு ரயில் நிலையத்தில் கோவை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது கல்லூரி வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. எஸ்தர் செல்வமணி மேடத்தின் படம், சுற்றிலும் மல்லிகைப் பூச் சட்டம், கீழே இரண்டு வரி. எங்கள் கல்லூரியின் முன்னாள் சுற்றுச்சூழல் பாடப் பேராசிரியை இன்று காலை பெருந்துறையில் காலமானார் என்று போட்டிருந்தார்கள். படித்ததும் முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். இருபத்தெட்டு வருடம் வரலாற்றுத் துறையில் இங்கிலாந்து வரலாறு நடத்தியவர் அவர். கடைசி மூன்று வருடம் மட்டும்தான் சுற்றுச்சூழல் பாடம். அதுவும் அவராகப் போனதில்லை, தள்ளப்பட்டார். இறந்த பிறகும் அந்த மூன்று வருடத்தைத்தான் அவர் பேருக்கு முன்னால் எழுதி ஒட்டுகிறார்கள். கோவை வண்டி வந்தது. நான் ஏறவில்லை. வெளியே வந்து பெருந்துறை பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணவர் ஜெயசீலன் தொழிற்பேட்டையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே கூட்டிப் போனார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு, “காலேஜ்ல இரங்கல் கூட்டம் வெக்கறாங்களாமா சார். வெக்கட்டும். அவளாத்தான் அந்தப் பாடத்தை உட்டுக்குடுத்தான்னு மட்டும் யாரும் பேச வேண்டாமுங்க. அதொண்ணுதான் கடைசி வரைக்கும் அவளுக்கு உறுத்திட்டே இருந்துச்சு” என்றார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர் மேடத்தின் பெற்றோர் சத்தியமங்கலம் பக்கம் பிறத்தியார் மஞ்சள் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர் அவர்தான். பணிமூப்பின்படி எங்கள் துறைக்கு அவர்தான் தலைவராகியிருக்க வேண்டும். நிர்வாகம் என்னைப் போட்டது, நானும் வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பொறுப்பேற்ற அன்று அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்து, “தலைவருக்கு முதல் கரண்டி” என்று எனக்குத்தான் முதலில் போட்டார்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசாங்கத்தை அவர் நடத்துவதைக் கேட்க வேறு துறைப் பிள்ளைகளும் பின்வரிசையில் வந்து உட்காருவார்கள். மணமுறிவு கேட்டுக் கிடைக்காத ஒரு மன்னன், ரோமில் இருந்த தலைமைக் குருவை ஒதுக்கிவிட்டு, நாட்டின் திருச்சபைக்கு நானே தலைவன் என்று சட்டம் போட்டுக்கொண்டான். அதை ஏற்பதாக எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றான். மறுத்த பெரிய மனிதர்களின் தலை உருண்டது. அவனுக்குப் பின்னால் மகன் வந்து வழிபாட்டை இன்னும் மாற்றினான். மூத்த மகள் வந்து பழையதற்கே திருப்பினாள். இளைய மகள் வந்து மறுபடியும் மாற்றினாள். மேடம் இந்த அரசர்களிடம் அதிக நேரம் நிற்கமாட்டார். ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போய்விடுவார். ஆட்சி மாறினால் சுவரில் இருக்கும் புனிதர் படங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி உத்தரவு வரும். அடுத்த ஆட்சியில் சுரண்டச் சொல்லி வரும். அதற்கடுத்த ஆட்சியில் மறுபடி சுண்ணாம்பு. இத்தனைக்கும் பாதிரியார் ஒரே ஆள்தான். “அவரு கெட்டவரு இல்லீங்க கண்ணு. சுண்ணாம்பு வாளியைக் கீழ வெக்கத் தெரியாதவரு, அவ்வளவுதான்” என்பார். வகுப்பு சிரிக்கும்.

அவர் மிகவும் விரும்பி நடத்தியது அதற்கடுத்த பகுதி. ஞாயிற்றுக்கிழமை அரசாங்கத்தின் கோயிலுக்கு வராதவனுக்கு அபராதம். அதனால் பழைய நம்பிக்கைக்காரர்கள் பலர் வந்து உட்கார்ந்தார்கள். வந்தார்கள், அவ்வளவுதான். பிரசங்கத்தைக் காதில் வாங்காமல் தங்கள் பழைய ஜெபத்தை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்கள். அதிகாரிகளும் ரொம்ப நாள் கண்டும் காணாமல் இருந்தார்கள். பிறகு அரசாங்கத்துக்கு அதுவும் போதவில்லை. உடம்பு வந்தது சரி, மனசு எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தது, உறுதிமொழியை நீட்டியது. இந்த இடத்தில் மேடம் புத்தகத்தை மூடிவிடுவார். “வந்தியான்னு கேக்கற வரைக்கும் அது அரசாங்கமுங்க கண்ணு. நம்பறியான்னு கேக்கறதுக்கு அதுக்கு அதிகாரமில்லை. உங்களைக் கேக்கறதுக்கு எனக்கும் இல்லை” என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறப்பார்.

இதை அவர் வகுப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம். எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. துறைக் கூட்டம் என்றால் டீ வருவதற்கு முன்னால் மினிட்ஸ் நோட்டு வந்துவிடும். வலது பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். இடது பக்கம் வெள்ளையாக இருக்கும். கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் அந்தப் பக்கத்தில் தீர்மானம் எழுதி, ஒருமனதாக நிறைவேறியது என்று முடிப்பார்கள். வந்ததற்குப் போட்ட கையெழுத்து சம்மதத்துக்குப் போட்ட கையெழுத்தாகிவிடும். எத்தனையோ வருடமாக நாங்கள் எல்லோரும் இப்படித்தான் போட்டோம், வரலாறு படித்தவர்கள் உட்பட. எஸ்தர் மேடம் ஒருவர்தான் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘வருகை மட்டும்’ என்று எழுதுவார். நாங்கள் கிண்டல் செய்வோம். “டீக்கும் வடைக்கும் சேத்துத்தான் எழுதறனுங்க சார்” என்று சிரித்துக்கொண்டே நோட்டைத் தள்ளுவார். முதல்வர்கள் மாறினார்கள், அவர் எழுதுவது மாறவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் வகுப்பில் ஒரு பெண், நாட்டை ஆள்கிறவரே மதத்துக்கும் தலைவராக இருக்கலாமா என்று கேட்டாள். மேடம், இருந்த நாட்டில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு நீயே முடிவு செய் என்றார். யாரோ அதை ஃபோனில் பிடித்துப் பாதியை வெட்டிப் பெற்றோர் குழுவில் போட்டார்கள். ஒரு கூட்டம் வந்து, கிறிஸ்துவர் என்பதால் எங்கள் மதத்தைக் குத்திப் பேசுகிறார் என்றது. இரண்டு நாள் கழித்து அவருடைய சொந்தச் சபையிலிருந்தே ஒரு பெரியவர் வந்து, நம் சபை பிறந்த கதையை ஒரு ராஜாவின் குடும்பச் சண்டையாக ஆக்கிவிட்டார் என்று புகார் எழுதிக் கொடுத்தார். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத இரண்டு கூட்டமும் மேடம் ஒருவரின் வாயை அடைக்க மட்டும் ஒரே மேசைக்கு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நான்கு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், கேள்விக்குப் பதில் புகார்தான்.

அதைவிட மோசம், எங்கள் நிர்வாகத்தின் செயலர் சொன்னது. அவர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். எங்கள் ஊரில் அவமானமும் ‘ங்க’ போட்டுத்தான் வரும். மேடத்தை நிற்கவைத்து, “மஞ்சக்காட்டுல இருந்து வந்தவிங்களுக்கு லண்டன் ராசா கதையெல்லாம் எதுக்குங்க அம்மணி?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் மட்டும் அவரை நேராகப் பார்த்து, “அந்த ராசாவும் இதையேதானுங்க கேட்டாரு, சாமானியனுக்கு வேதம் எதுக்குன்னு” என்றார்.

அந்த வாரம் ஒரு துறைக் கூட்டம் நடந்தது. தேர்வு அட்டவணை பேசினோம், நூலக நேரம் பேசினோம். அவர் பாடத்தைப் பற்றி ஒரு சொல்கூட யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நோட்டில், இங்கிலாந்து வரலாற்றுத் தாளை எஸ்தர் அவர்கள் தம் விருப்பத்தின்பேரில் விட்டுக்கொடுக்க முன்வந்ததாகவும் துறை அதை ஒருமனதாக ஏற்றதாகவும் எழுதியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் எங்கள் எட்டுப் பேரின் கையெழுத்து. ஏழுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒன்றுக்குக் கீழே மட்டும் அந்த இரண்டு சொற்கள். நிர்வாகத்துக்கு நகல் அனுப்ப வேண்டும், துறைத் தலைவர் ‘உண்மை நகல்’ என்று சான்றளிக்க வேண்டும். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, “அந்த ரெண்டு வார்த்தை எதுக்குங்க சார், டைப் பண்றப்ப உட்டுருங்க” என்றார். என் மகளுக்கு இதே நிர்வாகத்தின் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டு அப்போதுதான் மனு கொடுத்திருந்தேன். விட்டுவிட்டேன். உண்மை நகல் என்று எழுதி முத்திரையும் குத்தினேன்.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு மாற்றிய உத்தரவோடு அந்த நகல் மேடம் கைக்குப் போனது. என் அறைக்கு வந்தார், உட்காரவில்லை. தன் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வார்த்தை இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். டைப் அடித்தவர் விட்டுவிட்டார் என்றேன். அந்தப் பொய்யை நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. “சரிங்க சார். வாளியை எப்பவாச்சும் கீழ வைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மதியம் எப்போதும்போல எனக்கு ஒரு கரண்டி சோறு வைத்தார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டிக் கணக்கு முடித்திருப்பேன். அந்தச் சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை.

கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு என்று போகலாம் என்று சிலர் அவரிடம் சொன்னார்கள். அவர் போகவில்லை. மூன்று வருடம் குப்பை மேலாண்மையும் மழைநீர்ச் சேமிப்பும் நடத்தினார், அதையும் ஒழுங்காக நடத்தினார். அதற்காக அவர் சம்மதித்தார் என்று ஆகிவிடுமா? வந்து உட்கார்ந்தவன் எல்லாம் நம்பினான் என்று அந்தக் காலத்து அதிகாரி எழுதிவைத்தால் அது வரலாறாகிவிடுமா? இந்த வித்தியாசத்தை இருபத்தெட்டு வருடம் கத்திக் கத்திச் சொன்ன பெண்ணுக்கே நாங்கள் இதைச் செய்தோம்.

போன வாரம் இரங்கல் கூட்டம். அதற்கு முந்தின நாள் பதிவறைக்குப் போய்ப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கரையான் தின்றிருக்கும் என்று பயந்தேன், நல்ல வேளை அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. கூட்டத்தில் முதல்வர் இரங்கல் தீர்மானத்தை வாசித்தார். துறையின் நலன் கருதித் தம் பாடத்தைத் தம் விருப்பத்தின்பேரில் விட்டுக்கொடுத்த பெருந்தன்மையாளர் என்று அதில் இருந்தது. ஜெயசீலன் எதைச் சொல்ல வேண்டாம் என்றாரோ, அதையே மாலையாகக் கோத்துப் போட்டார்கள். நான் எழுந்தேன். நோட்டைத் திறந்து அவர் எழுதியிருந்ததை வாசித்தேன். இதை நகலில் விட்டவர் டைப் அடித்தவர் இல்லை, நான்தான் என்றேன். மகளுக்கு இடம் கேட்டிருந்ததையும் சொன்னேன்.

செயலர் எழுந்திருக்கக்கூட இல்லை. “ஏனுங்க சார், இழவு சமாச்சாரத்துல இதெல்லாம் எதுக்குங்க? அவிங்களே போயிட்டாங்க” என்றார். போனதால்தான் எழுதுகிறீர்கள், இருந்தால் மறுத்திருப்பார் என்றேன். சிலர் தலை குனிந்தார்கள், சிலர் ஃபோனைப் பார்த்தார்கள். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு தீர்மானம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒருமனதாக நிறைவேறியதாக முதல்வர் அறிவித்தார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேடத்தை அறிந்தவர்களே, அவரிடம் படித்தவர்களே, கல்லூரியின் ஏட்டில் என்ன இருந்தாலும் சரி, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்தர் செல்வமணி தம் பாடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் பிடுங்கினோம். அவர் பேரைச் சொல்லி எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய இரண்டு சொற்களைத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அழித்த அதே சொற்கள்.

இரங்கல் கூட்டத்தன்றும் நோட்டு வந்தது. கையெழுத்துப் போட்டு, அந்த இரண்டு சொற்களை எழுதி, பக்கத்தில் இருந்த புது விரிவுரையாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கேட்க எனக்கு அதிகாரமில்லை.

வெளியே வந்து ஜெயசீலனுக்கு ஃபோன் செய்தேன். தீர்மானத்தில் அந்த வார்த்தை அப்படியே போய்விட்டது, தடுக்க முடியவில்லை என்றேன். “நீங்க என்னங்க எழுதுனீங்க?” என்றார். சொன்னேன்.

“அவளாட்டமே பொடி எழுத்துலயாங்க?”

“இல்லீங்க. தீர்மானம் எழுதற பக்கம் பூராவும்.”